மறுப்பதானால் எழுதிக் கொடுத்து மறுங்கள்: கல்விக் கடன் வழங்கும் வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் இயங்கும் பொதுத்துறை வங்கிகளின் கிளை மேலாளர்களுக்கும், அவர்களுக்கு மேலே இருக்கும் மண்டல அதிகாரிகளுக்கும்,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கலந்தாய்வில் இடம் வாங்கி, கல்விக் கடன் கேட்டு உங்கள் கிளைக்கு வரும் பிள்ளைகளை வாய்வார்த்தையிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள். விண்ணப்பத்தை வாங்குவதில்லை. வாங்கினாலும் ஒப்புகை தருவதில்லை. கடன் கிடையாது என்று முடிவு செய்தால் அதை எந்தத் தாளிலும் எழுதுவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கடனைத் தூக்கிக் கொடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. உங்கள் மறுப்புக்கு ஒரு தேதியும், ஒரு காரணமும், ஒரு கையெழுத்தும் வேண்டும் என்று கேட்கிறேன்.

நான் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை. எங்கள் பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் கட்டட வேலை, தையல் வேலை, கூலி வேலை செய்யும் வீடுகளின் பிள்ளைகள். தேர்வு முடிவு வெளியான மறுநாள் எங்களுடைய அடுத்த வேலை தொடங்கிவிடும். கலந்தாய்வுக்குப் பதிவு செய்வது, இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் விண்ணப்பிப்பது, எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று விருப்பப் பட்டியல் தயாரிப்பது எல்லாம் பள்ளியின் கணினி அறையில்தான் நடக்கும். பெற்றோர் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே எங்களால் முடிந்ததைச் செய்துவிடுகிறோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் வந்து நிற்பது உங்கள் மேசைக்கு முன்னால்தான்.

இந்த மாநிலத்தில் ஏழைப் பிள்ளை கல்லூரிக்குப் போகப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நான் நன்றியோடு சொல்வேன். பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் எங்களைப் போன்ற உதவி பெறும் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. அதே தெருவில், அதே வருமானத்தில் வாழ்ந்தாலும் கிடையாது. அது அரசிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இங்கே அதைச் சொல்வதற்குக் காரணம், எங்கள் பிள்ளைகளுக்குக் கல்விக் கடனை விட்டால் வேறு வழியில்லை என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதுதான்.

இந்த ஆண்டு எங்கள் மாணவி ஒருத்தி கலந்தாய்வில் கிடைத்த பொறியியல் இடத்தை விட்டுவிட்டாள். சுயநிதிக் கல்லூரி ஒன்றில், அரசு ஒதுக்கீட்டில், அவள் முதலாவதாகக் கேட்ட மின்னணுவியல் பிரிவே கிடைத்திருந்தது. முதல் பட்டதாரிச் சலுகையில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கழியும். அந்தச் சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாவற்றையும் கூட்டி, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து அவள் கேட்டது மூன்றரை லட்சம் ரூபாய்க்கும் குறைவு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீன் வேண்டாம், மாணவர் கையிலிருந்து போட வேண்டிய பங்குத் தொகையும் வேண்டாம். பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். அவளும் அவள் அம்மாவும் நானும் போனோம்.

மேசையில் அவள் வைத்தது பொத்தான் போட்ட ஒரு பிளாஸ்டிக் கோப்பு. ஒதுக்கீட்டு ஆணை, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார், இந்தக் கடனுக்காகவே அம்மா பெயரில் புதிதாக எடுத்த பான் அட்டை என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். மேலாளர் கோப்பைத் திறக்கவில்லை. அம்மாவின் பான் எண்ணை மட்டும் கேட்டுக் கணினியில் தட்டினார். திரையைப் பார்த்துவிட்டு, "உங்கள் குழுக் கடனில் பாக்கி காட்டுகிறதம்மா, செய்ய முடியாது" என்றார். மகளிர் குழுவில் வேறு ஒருவர் கட்டாமல் போனது அது, தன் பங்கைத் தான் கட்டிவிட்டதாக அந்தத் தாய் நின்றபடியே சொன்னார். "சிஸ்டம் எடுக்காது" என்று பதில் வந்தது. அந்தக் காரணத்தை விண்ணப்பத்தின் மீதே எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்டேன். எழுதிக் கொடுக்கும் வழக்கமில்லை என்றார். கோப்பு திறக்கப்படாமலே எங்கள் பக்கம் திரும்பி வந்தது.

குழுவின் கணக்கு இருந்த வேறொரு கிளையில் பிறகு விசாரித்தோம். நிலுவை 6,000 ரூபாய்க்கும் கீழே. அது தெரியவந்தபோது கல்லூரியில் சேர வேண்டிய நாள் கடந்துவிட்டது. பாக்கி எந்தக் கணக்கில், எவ்வளவு என்று அன்றைக்கே ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்திருந்தால் அன்று மாலைக்குள் அடைத்திருப்போம். எங்கள் ஆசிரியர் அறைக்குள்ளேயே அந்தத் தொகையைத் திரட்டிவிட முடியும். அம்மாவுக்குப் பதிலாக அவளுடைய தாய்மாமா இணைக் கடன்தாரராக வரலாமா என்றாவது கேட்டிருப்போம். காரணம் எழுத்தில் இருந்தால் அதற்குப் பரிகாரம் தேடலாம். "சிஸ்டம் எடுக்காது" என்பதற்கு யாரிடம் போய்ப் பரிகாரம் தேடுவது?

2023-இல் கேரள உயர் நீதிமன்றம், மாணவரின் சிபில் மதிப்பெண், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்பதைக் காட்டும் மதிப்பெண், குறைவாக இருக்கிறது என்பதை மட்டுமே வைத்துக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டுக் கிளைகளைக் கட்டுப்படுத்தாது என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். மாணவரின் சொந்த நிலுவையையே ஒரு நீதிமன்றம் இப்படிப் பார்க்கும்போது, அம்மா சேர்ந்திருந்த குழுவில் யாரோ வைத்த பாக்கிக்காக ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துவது எந்த அளவுகோலில் சரி? படித்து வேலைக்குப் போய்க் கட்டப் போகிறவள் அவள். அவளுடைய மதிப்பெண்ணையும், சேரவிருக்கும் படிப்பையும் பார்ப்பதற்கு முன்பே திரையைப் பார்த்து முடிவு சொல்லிவிடுகிறீர்கள்.

இது ஒரு கிளையின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு வங்கிகளில், எங்கள் பிள்ளைகள் வாய்மொழியாகக் கேட்டுவந்த காரணங்களை நான் அறிவேன். "உங்கள் ஊர் எங்கள் கிளையின் எல்லைக்குள் வராது" என்பது மிகப் பழையது. இருப்பிடம் சேவைப் பகுதிக்குள் இல்லை என்பதற்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே அறிவுறுத்திவிட்டது. இன்னும் அதைச் சொல்லி ஆட்களை அடுத்த ஊருக்கு அனுப்புகிறீர்கள். "இணையத்தில் போடுங்கள்" என்பது இன்னொன்று. கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளம் 2015 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஒரே படிவத்தில் மூன்று வங்கிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இணையத்தில் போட்டால், தாள்களை நேரில் கொண்டுவரச் சொல்கிறீர்கள். நேரில் போனால் இணையத்தில் போடச் சொல்கிறீர்கள். இடையில் அந்த விண்ணப்பம் 'பரிசீலனையில்' என்றே நின்றுவிடுகிறது. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. பருவத் தேர்வே வந்துவிடும், பரிசீலனை முடியாது.

புதிதாக ஒரு காரணமும் முளைத்திருக்கிறது. பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. தரவரிசையில் முன்னிற்கும் உயர்கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேருபவர்களுக்கு அந்தத் திட்டம். ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. நல்லது. ஆனால் மாவட்டங்களில் இருக்கும் பெரும்பாலான சுயநிதிக் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் வராது. "உங்கள் கல்லூரி பட்டியலில் இல்லை, அதனால் கடன் இல்லை" என்று ஒரு மாணவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். புதிய திட்டம் வந்ததால் பழைய மாதிரித் திட்டம் ஒழிந்துவிடவில்லை. இது உங்களுக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியாது. அவன் அப்பாவுக்கும் தெரியாது. தெரியாதவர்களிடம் வாயால் சொல்லிவிடலாம். இதையே வங்கியின் கடிதத் தாளில் எழுதி முத்திரை குத்தித் தர எந்த மேலாளருக்காவது துணிவு வருமா? வராது, ஏனென்றால் அது செல்லாது. எழுதிக் கொடுங்கள் என்று நான் விடாப்பிடியாகக் கேட்பது இதனால்தான். எழுத வேண்டியிருந்தால், சொல்லத் தகாத காரணங்களில் பாதி உங்கள் பேனாவிலிருந்தே இறங்காது.

இந்த மாணவர் எங்களிடம் படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்று பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரியிலிருந்து போனஃபைடும் கட்டண விவரப் பட்டியலும் வாங்கி வந்தால்தான் விண்ணப்பத்தைத் தொடுவோம் என்கிறீர்கள். கல்லூரியோ முதல் தவணையைக் கட்டிச் சேர்ந்த பிறகுதான் போனஃபைடு தரும். சேர்வதற்கே பணமில்லாதவர்கள்தானே உங்களிடம் வருகிறார்கள்? ஒதுக்கீடு உறுதியான பின் கல்லூரியில் போய்ச் சேரக் கிடைப்பது சில நாட்கள். அந்தச் சில நாட்களில் இந்த வீடுகளில் நடப்பதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். கம்மல் அடகுக்குப் போகிறது. வாரத் தவணைக்காரர்களிடம் தாய் கைநாட்டு வைக்கிறாள். தந்தை மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, அந்த ஆண்டு முழுவதும் கூலி உயர்வு கேட்க முடியாதவராகிறார். பிறகு உங்கள் கடன் கிடைத்தாலும் முதல் ஆண்டுக்குக் கட்டியதைத் திரும்பப் பெற ரசீதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். அதே கம்மலை உங்கள் கிளைக்குக் கொண்டுவந்தால், நகை மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து, மதிய உணவுக்கு முன் பணம் கைக்கு வந்துவிடுகிறது. வேகமாகச் செய்ய உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தரப்பை நான் யோசிக்காமல் இல்லை. கொடுத்த கடன் வாராக் கடனானால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் மேலாளர். கடன் வாங்கியவர் படிப்பை முடித்து வெளியூர் போய் முகவரி மாறும்போது அந்தக் கிளையில் வேறொருவர் இருப்பார், கொடுத்தவர் பெயர் மட்டும் கோப்பில் நிற்கும். ஆள் பற்றாக்குறையில் கவுண்டரை நடத்துவதே பெரும்பாடு என்பதையும் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். படிப்பை முடித்தும் வேலை கிடைக்காமல் தவணை கட்ட முடியாத எங்கள் முன்னாள் மாணவர்களும் இருக்கிறார்கள். கடன் கேட்டு வருபவர்களிடம் அவர்களைப் பற்றியும் நான் சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் இந்த அச்சத்துக்காகத்தானே கல்விக் கடன் உத்தரவாத நிதியத்தை 2015-இல் கொண்டுவந்தார்கள்? ஏழரை லட்சம் ரூபாய் வரை பிணையம் இல்லாமல் கொடுக்கும் கடன் நின்றுபோனால், நின்ற தொகையில் 75 விழுக்காட்டுக்கு உத்தரவாதம் இருக்கிறது. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுப் பிள்ளை, தர அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு சேர்ந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது பழமொழியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அரசு வங்கியின் நடைமுறையாக ஆகிவிடக் கூடாது.

இதில் என்னை மிகவும் கோபப்படுத்துவது, இந்த மறுப்புகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதுதான். கல்விக் கடனையும் உள்ளடக்கிய முன்னுரிமைக் கடன் விண்ணப்பங்களுக்கு ஒப்புகை தர வேண்டும், வாங்கிய தேதி, முடிவு, காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். 15 நாட்களிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், நிராகரிப்பதானால் மேலதிகாரியின் இசைவு வேண்டும் என்பது உங்கள் சங்கத்தின் மாதிரித் திட்டமே சொல்வது. வாங்காத விண்ணப்பத்துக்குத் தேதி ஏது? இசைவு கேட்க மேலதிகாரி ஏது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எத்தனை பேரை மறுத்தீர்கள் என்று கேட்டால், பதிவேட்டில் இருக்கும் எண்தான் வரும். அதில் எங்கள் மாணவி இல்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போனால், முதலில் வங்கிக்குக் கொடுத்த புகாரையும், பதில் வந்திருந்தால் அதையும் கேட்பார்கள். ஒப்புகை இல்லாத விண்ணப்பத்தைப் பற்றி, எழுதப்படாத ஒரு பதிலைப் பற்றி, ஒரு கூலித் தொழிலாளி என்னவென்று புகார் எழுதுவார்? மாவட்ட ஆட்சியர் நடத்தும் கல்விக் கடன் முகாமில் மேடையில் ஆணைகள் வழங்கப்படுகின்றன. வாங்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சிதான். கிளையின் வாசலிலேயே திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கையை அந்த மேடையில் யாரும் வாசிப்பதில்லை. ஏனென்றால் அந்த எண்ணிக்கை எவரிடமும் இல்லை.

அந்த மாணவி இப்போது பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். வணிகவியல் தாழ்ந்த படிப்பு அல்ல, அவள் நன்றாகவும் படிப்பாள். ஆனால் அது அவள் தேர்ந்தெடுத்தது அல்ல. பிள்ளைகளிடம் "நன்றாகப் படி, மற்றது தானாக நடக்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அவள் தம்பியின் வகுப்பில் நின்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவன் இப்போது பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவில் இருக்கிறான்.

என் கோரிக்கைகள் இவை. கல்விக் கடன் கேட்டு வரும் எவரிடமும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகையை அப்போதே கொடுங்கள். ஆவணம் குறைந்தால் எது குறைகிறது என்று அதே சீட்டில் எழுதுங்கள். குறைகிறது என்பதற்காக வாங்காமல் அனுப்பாதீர்கள். மறுப்பதானால் காரணத்தையும், இசைவு தந்த மேலதிகாரியின் பதவியையும் குறிப்பிட்டுக் கடிதமாகக் கொடுங்கள், யாரிடம் முறையிடலாம் என்பதையும் அதில் சேருங்கள். பெற்றோரின் பழைய நிலுவைதான் காரணம் என்றால், எந்தக் கணக்கு, எவ்வளவு தொகை என்று சொல்லி, அதை அடைக்கவோ வேறு இணைக் கடன்தாரரைக் கொண்டுவரவோ வாய்ப்புக் கொடுங்கள்.

கலந்தாய்வின் ஒதுக்கீட்டு ஆணையையே போதுமான சான்றாகக் கொண்டு, சேர்க்கை நாளுக்கு முன்பாகவே கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் தர மண்டல அலுவலகங்கள் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தை ஏற்று மாணவரைச் சேர்த்துக்கொள்வது குறித்துத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துடன் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். போனஃபைடு பின்னால் வரட்டும், பணத்தை நேராகக் கல்லூரிக்கே அனுப்புங்கள்.

ஜூன் முதல் அக்டோபர் வரை, வந்த விண்ணப்பங்கள், ஒப்புதல் பெற்றவை, மறுக்கப்பட்டவை, நிலுவையில் இருப்பவை ஆகியவற்றை ஒவ்வொரு கிளையின் அறிவிப்புப் பலகையிலும் மாதந்தோறும் ஒட்டுங்கள். மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் அந்த எண்களைத் தொகுத்து ஆட்சியரின் முகாமில் வாசிக்கட்டும். மறுக்கப்பட்ட விண்ணப்பங்களை அதே முகாமில் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்யுங்கள்.

துணைக் கலந்தாய்வு முடிந்து ஒதுக்கீட்டு ஆணையோடு எங்கள் மாணவர்கள் இன்னும் சிலர் உங்களிடம் வரப்போகிறார்கள். பள்ளியின் சார்பில் ஓர் ஆசிரியர் உடன் வருவார். ஒப்புகையைக் கையில் வாங்காமல் நாங்கள் கிளையை விட்டுப் போக மாட்டோம். அதை எங்களிடம் மறுக்காதீர்கள்.

இப்படிக்கு,
அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்